கம்பத்தைப் பிடித்தவன் கட்சி

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணியினருக்கும், ஒரு கையால் நுளம்பை அடித்து மறு கையால் எங்களுக்குத் தட்டுகிற கிளிநொச்சிச் சபைக்கும் வணக்கம். அவ்வளவுதான். மிச்ச வணக்கமெல்லாம் எதிரணி சொல்லித் தீர்த்துவிட்டது.

பழைய தொலைக்காட்சி நாடகத்தை நினைத்து நினைத்து இனிக்கிற உரிமை நடித்தவருக்கா, பார்த்தவருக்கா? தலைப்பு இது. நான் பார்த்தவர் பக்கம். தலைப்பு எங்கேயும் ஓடாது, ஆறுதலாய் வருவோம். அதற்கு முன் எதிரணித் தங்கச்சியோடு ஒரு கணக்கு இருக்கு.

தங்கச்சி என்ன சொன்னா? "இராமாயணத் தொடரில் நடித்தவர்கள் குஜராத்தில் உமர்காமில் கிடந்து கிரீடம் சுமந்தார்கள். பார்த்தவர்கள் என்ன கிழித்தார்கள்? பாயில் சரிந்து கச்சான் கொறித்தார்கள்!" நீங்களும் சிரித்தீங்கள். சிரித்ததில் பாதிப்பேருக்குத் தலை நரைத்துப்போச்சு, அதுதான் எனக்கு மனவருத்தம்.

தங்கச்சி, அந்தத் தொடர் 1987 தை 25 இல் தூரதர்சனில் தொடங்கினது. 1988 ஆடி 31 இல் முடிந்தது. 78 பகுதி. ஞாயிறு காலை. இடையில் எத்தனை ஞாயிறு பங்கருக்குள் போனது என்பதை இந்த மேடையில் சொல்லமாட்டேன். ஆனால் மின்கம்பி எட்டிப்பாராத ஒரு வன்னிக் கிராமத்தில் அதைப் பார்ப்பதென்றால் என்ன வேலை என்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கோ.

முதல் நாளே பற்றரியைக் கழற்ற வேண்டும். உழவு மிசினின் 12 வோல்ட் பற்றரி. சைக்கிள் கரியரில் ரியூப் பட்டி போட்டு இறுக்கிக் கட்டி, மில்லுக்கோ ரேடியோக் கடைக்கோ கொண்டுபோய், இரவு முழுக்கச் சார்ஜில் விட வேண்டும். அவசரத்துக்கு இரண்டு மணித்தியாலம் போட்டால் மேல்வாரியாய் ஏறும். எழுத்தோட்டம் முடிய முதல் இறங்கிவிடும். பாதையோ பள்ளம். மூடி இறுக்கமில்லாவிட்டால் அசிட் தெறிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் சாரத்தைத் தோய்க்கும்போதுதான் சல்லடை மாதிரி ஓட்டை தெரியும். அசிட் தண்ணி குறைந்தால் வடித்த தண்ணிதான் விட வேண்டும். "தண்ணிதானே" என்று கிணற்றில் அள்ளி விட்ட வீடுகளும் உண்டு. எங்கள் கிணற்றில் உப்புக் கூட, தகடு போய்விடும். சிவப்பு வயரைக் கறுப்பில் மாறிக் கொழுவினால் பியூஸ் போகும். பியூசுக்குப் பதிலாய்ச் செப்புக் கம்பி சுற்றி வைத்திருந்தால் ரிவியே போகும். எல்லாம் சரியாய்ப் போட்டாலும், பழைய பற்றரியில் வோல்ட் 11 க்குக் கீழே இறங்கினால் படம் நாலு பக்கத்தாலும் சுருங்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டிக்குள் இராமர் சின்னப் பிள்ளையாகி, பிறகு உருளத் தொடங்குவார். அப்போதுதான் அவர் வில்லை நாணேற்றுவார்!

இது பாதிக் கதை. மிச்சம் முற்றத்தில் நிற்கிறது.

கமுகு மரத்தைச் சீவி நட்டு, மூன்று பக்கமும் இழுகம்பி கட்டி, உச்சியில் அலுமினியக் கம்பி அன்ரனா. முகம் இந்தியாப் பக்கம். கடலுக்கு மேல் வெக்கை ஏறிக் காற்று அடங்கிக் கிடந்தால் ரிவி அலை வளைந்து வளைந்து வன்னி வரைக்கும் வரும். காற்றுக் கிளம்பினால் படமில்லை, வெறும் புள்ளி. காகம் குந்தினாலும் அன்ரனா திரும்பும். ஆகவே ஒருத்தன் கம்பத்தடியில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்த வீட்டின் இளைய பொடியன்.

"அண்ணை, வருதோ?"

"இல்லை, இன்னும் திருப்பு."

"இப்ப?"

"வருது... வருது... போச்சு! வந்த இடத்திலேயே விடடா!"

"எந்த இடத்தில வந்தது?"

இது உள்ளே இருக்கிற எவனுக்கும் தெரியாது. பிறகு திடீரென்று படம் பளிங்காய் வரும். ஏன் வந்தது? பொடியன் களைத்துப்போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்திருப்பான். ஆடின வயர் மூட்டு அந்தப் பிடியில் இறுகியிருக்கும்; ஆளின் உடம்பு பக்கத்தில் நின்றாலே அலை விழுகிற விதமும் மாறும். அவன் கையை எடுத்தால் இராமர் போய்விடுவார். உள்ளேயிருந்து பெரியம்மாவின் கட்டளை: "தம்பி, கை எடுக்காதே, அசோகவனம் போகுது!" அவன் அசோகவனம் முடியுமட்டும் வெயிலில் நிற்பான். மூக்குக் கடிக்கும், சொறிய ஏலாது. சொறிந்தால் சீதை மறைவா.

நடுவர் ஐயா, இராவண வதத்தை ஊரே பார்த்தது. கம்பத்தைப் பிடித்தவன் பார்க்கவில்லை. "ஆள் விழுந்திட்டாரோ?" என்று வெளியிலிருந்து கேட்டான். "ஓம், நீ விடாதே, பட்டாபிசேகமும் இருக்கு!" என்றார்கள். பாயில் சரிந்து கச்சான் கொறித்ததாம்!

எதிரணித் தலைவர் இன்னொன்று சொன்னார், "ஒரு சொல் ஹிந்தி விளங்காத சனம்" என்று. ஐயா, கோயில் திருவிழாவில் விடிய விடியக் கதாப்பிரசங்கம் கேட்ட சனம். கைகேயி வாய் திறக்க முன்னமே என்ன கேட்கப் போகிறாள் என்று தெரியும். மற்றது, முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு நடிப்பென்றால் என்ன என்று ஹிந்தியிலா விளங்கப்படுத்த வேண்டும்?

இனி நடிகரிடமே வருவோம். இராமராக நடித்தவரின் பெயர் அருண் கோவில். அவர் பேட்டிகளில் சொன்ன கதை. தென்னிந்தியப் படமொன்றில் நடிக்கப் போன இடத்தில், ஓய்வு நேரம் ஒதுங்கி நின்று சிகரெட் புகைத்திருக்கிறார். ஒரு ஆள் வந்து கண்டபடி ஏசினார். மொழி விளங்கவில்லை. என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். "உங்களை இராமர் என்று கும்பிடுகிறோம், நீங்கள் இப்படிச் செய்யலாமோ" என்று கேட்கிறாராம். அன்றோடு சிகரெட்டை விட்டாராம். நடிகருக்கு இத்தனை வருசம் நின்ற நினைவு எது? வசனமா, சம்பளமா? ஏசின ஆள்! அந்த ஆள் எந்த அணி? எங்கள் அணி.

சீதையாக நடித்த தீபிகாவும் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991 இல் நாடாளுமன்றம் போனார்கள். ஒரே கட்சி! கடத்தினவரும் கடத்தப்பட்டவரும் ஒரே பக்கத்தில் கைதூக்க, இராமருக்கு 2024 வரைக்கும் கதிரையில்லை. கதையில் 14 வருசம், தேர்தலில் 33 வருசம். வாக்குப் போட்டது ஆர்? பார்த்த சனம்.

மணி அடிக்கிறார்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு இருக்கிறேன்.

2020 இல் இராமர், சீதை, இலட்சுமணர் மூன்றுபேரும் ஒரே மேடையில் வந்திருந்து பழங்கதை பேசிச் சிரித்தார்கள். நல்ல விசயம். அனுமன் தாரா சிங் 2012 இலும், இராவணன் அரவிந்த் திரிவேதி 2021 இலும் போனபோது பேப்பரெல்லாம் படம் போட்டு எழுதினது. நடித்தவர்கள் ஒன்றுகூட வேண்டுமென்றால் ஒரு போன் போதும்.

அந்த முற்றத்தில் இருந்தவர்களை ஆர் கூட்டித் தருவது? பற்றரி கொடுத்த வீட்டுக்காரர் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எந்த ஊரில் கண்மூடினார்? பெரியம்மாவின் பிள்ளைகள் ஒன்று ரொறன்ரோவில், ஒன்று பாரிசில், ஒன்றின் படத்தை அவ இன்னும் பையில் வைத்துக்கொண்டு திரிகிறா. 2020 பங்குனியில் அதே தொடரைத் திரும்பப் போட்டார்கள். இப்போது கலரில், புள்ளி இல்லாமல், கம்பம் பிடிக்க ஆளும் வேண்டாம். அவ பார்த்தா. "ஆக்கள் இல்லாமல் என்ன படம்" என்று நிற்பாட்டிப்போட்டா. இதற்கு என்னிடம் தர்க்கம் இல்லை, நடுவர் ஐயா. எதிரணி வேண்டுமென்றால் மறுத்துப் பேசட்டும்.

கடைசியாய்ச் சபையிடம் ஒன்று. அந்தக் காலம் அன்ரனாக் கம்பம் பிடித்தவர்கள் இந்தப் பந்தலில் இருந்தால் கையைத் தூக்குங்கோ. வெட்கப்படாதேங்கோ, பின்னுக்கு நிற்கிற அண்ணை, நீங்களும்தான். ஐயா, எண்ணிப்போட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கோ. வணக்கம்.