மணல் தரையில் காரைத் தூக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். தொண்டி முதல் வாலிநோக்கம் வரையுள்ள நம் கரையோரத்தில், வீட்டு வாசலிலேயே காரைத் தூக்கிச் சக்கரம் மாற்றுவோரும் பிரேக்கைப் பார்ப்போரும் பலர். கடையில் ஜாக்கியின் தரத்தை அரைமணி நேரம் விசாரிக்கும் நாம், அது நிற்கப்போகும் தரையைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

காருடன் வரும் ஜாக்கியின் அடித்தகடு உள்ளங்கை அளவுதான். சுமார் 900 கிலோ எடையுள்ள சிறிய காரின் முன்மூலையைத் தூக்கினால், மொத்த எடையில் கால் பங்குக்கும் மேல் அந்தத் தகட்டின் மீது இறங்கும். மணல் அதைத் தாங்காது. அதுவும் ஒரே சீராக அமிழாமல் ஒரு பக்கமாகச் சரியும். ஆகவே சிமெண்டுத் தளம் இருந்தால் அங்கேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தெருவோர மணலில் சக்கரம் மாற்றியே தீரவேண்டிய நிலையில், மேல்மணலை வழித்து, கெட்டியான தரையின் மீது ஒன்றரை அடிச் சதுரமுள்ள தடித்த பலகையை மட்டமாகப் பதித்து, அதன் நடுவில் ஜாக்கியை வைக்கலாம். ஆனால் அந்த இடத்தில் காருக்கு அடியில் மட்டும் நுழையக் கூடாது.

அடுத்தது துரு. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் ஜாக்கி வைக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்புக்கு மேலுள்ள பகுதி உள்ளே கூடானது; தண்ணீர் வடிவதற்கான சிறு துளைகள் மணலால் அடைபட்டுவிட்டால், உப்பு ஈரம் தங்கி உள்ளிருந்தே தகட்டை அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். ஓசை மங்கினாலோ தகடு நெளிந்தாலோ அங்கே ஜாக்கி வைக்காமல் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் போதும் என்பது பலரின் எண்ணம். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும்; பின்பக்கம் முழுவதும் மேலே எழுந்துவிட்டால் அதனால் பயனில்லை. முன்சக்கரங்களால் ஓடும் காரில் ஒரு முன்சக்கரம் மட்டும் எழுந்தால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு அந்தச் சக்கரத்தைத் தனியே சுழலவிடுவதால், கியரின் பிடியும் போய்விடும். எனவே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரிலும் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வடிவக் கட்டைகளைச் செருகுங்கள். உருண்டைக் கல் உதவாது. காரைத் தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் கார் ஆடி ஜாக்கி சாயும்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்டு என்னும் இரும்புத் தாங்கி வேண்டும். எண்ணெய் ஜாக்கியின் உள்ளே ஒரு ரப்பர் சீல் தேய்ந்திருந்தால்கூட அது மெல்ல இறங்கிவிடும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஸ்டாண்டுக்குப் பதிலாக அடுக்குவது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அவை சாய்வதற்கு முன் எச்சரிக்காமல் திடீரென நொறுங்கும். கார் கையேடு சொல்லும் உறுதியான இடத்தில் ஸ்டாண்டை வைத்து, காரை அதன்மீது இறக்கி, பக்கவாட்டில் அழுத்தமாகத் தள்ளிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டுமே அடியில் செல்லுங்கள். கழற்றிய சக்கரத்தையும் விளிம்புக்குக் கீழே படுக்க வைப்பது கூடுதல் காவல்.

வேலை முடிந்ததும் காரைச் சற்றே உயர்த்தி ஸ்டாண்டை எடுத்து, மெதுவாக இறக்கி, எதிரெதிரே உள்ள நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஜாக்கியின் திருகில் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி வைத்தால், அடுத்த முறை உப்புக்காற்றில் அது இறுகிப்போயிருக்காது. நன்றி, வணக்கம்.