இலக்கம் போட்ட ஊர்கள்

(களுவாஞ்சிகுடியில் வாசகர்கள் சிலர் கூடிய மாலையில் பேசியது. பேச்சுநடையைக் கொஞ்சம்தான் திருத்தியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். 'சுதந்திரத்துக்குப் பின் ஆட்சியும் அபிவிருத்தியும்' என்று பெரிய தலைப்பாகத் தந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது வயல். வரம்பில் நின்றே பேசுகிறேன்.

1833 இல் வெள்ளைக்காரன் இலங்கையை ஐந்து மாகாணமாக வகுத்தான். கிழக்கும் அதில் ஒன்று. மாகாணத்துக்கு ஒரு ஏசன்டு. ஏசன்டு என்றால் இன்னொருத்தருடைய ஆள். நாம் அதற்குத் தமிழில் 'அரசாங்க அதிபர்' என்று பெயர் வைத்தோம். மொழிபெயர்ப்பிலேயே பதவி உயர்வு! 1948 க்குப் பிறகு கதிரையில் இருந்த ஆள் மாறினார். அவர் கொழும்பைப் பார்த்துப் பதில் சொல்லும் முறை மாறவில்லை. அவருடைய அலுவலகப் பலகையில் மாவட்டச் செயலகம் என்று இருக்கிறது. நாம் இன்றைக்கும் பழைய பெயரில் 'கச்சேரிக்குப் போறன்' என்றுதானே சொல்கிறோம்?

மறுகா, 1949. முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசு கல்லோயா அபிவிருத்திச் சபையைச் சட்டம் போட்டு அமைத்தது. அமெரிக்காவின் தென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டம்தான் முன்மாதிரி. இங்கினியாகலையில் அணை கட்டியதும் ஒரு அமெரிக்கக் கொம்பனி. கல்லோயா என்று சிங்களத்தில் சொல்லும் நம்முடைய பட்டிப்பளை ஆற்றை மறித்து ஒரு சமுத்திரமே எழும்பியது. நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. காடாய்க் கிடந்த நிலம் நெல்லாய் விளைந்தது. அந்தச் சோற்றைத்தான் நானும் தின்றேன்.

ஆனால் குடியேற்றங்களுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். 4ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி. குறுமண்வெளி, துறைநீலாவணை என்று மண்ணையும் நீரையும் வைத்து ஊருக்குப் பெயர் சொன்ன நாட்டில், கோப்பில் இருந்த இலக்கமே ஊராகிவிட்டது. யாரை எங்கே இருத்துவது, எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் விடுவது, எல்லாம் மேலே தீர்மானமாகி வந்தன. 1956 இல் சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்த நாட்களில் அந்தக் கொலனிகளில்தான் இரத்தம் சிந்தியது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்குத் தொடங்கினால் விடிந்துவிடும்.

அதற்கு முன்னர் நமக்கு ஆட்சி தெரியாதா? வட்டைக்கு, அதாவது ஒரு வயல்வெளிக்கு, ஒரு வட்டைவிதானை இருந்தார். எப்போது தண்ணீர் விடுவது, யார் வேலி கட்டவில்லை, யாருடைய மாடு வயலில் இறங்கியது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பெரிய நிலக்காரரான போடிமார் பக்கம் சாய்ந்த விதானைமாரும் இருந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் கேள்வி கேட்க ஆள் பக்கத்து வரம்பிலேயே நின்றான். ஊர் வழக்கத்துக்குச் சட்ட வலு கொடுத்தால்தான் நீர்ப்பாசனம் நடக்கும் என்று 1856 இல் வெள்ளைக்காரனே கட்டளைச் சட்டம் போட்டான். சுதந்திர நாட்டுக்கு அது நினைவு வர அதிக காலம் எடுத்தது.

கல்லோயா இடதுகரையில் வாய்க்காலின் தலைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர். வாய்க்கால் கடைசியில் தமிழர். கடைசிக்குத் தண்ணீர் வராது. 1981 இல் கமநல ஆராய்ச்சி நிலையமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களைக் கொலனிகளுக்குள்ளேயே குடியிருக்க அனுப்பின. அவர்கள் புதுச் சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிறவர்களைக் கூட்டி இருத்திப் பேசவைத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் போகம் குளத்தில் தண்ணீர் மட்டு. அப்படியிருந்தும் விவசாயிகள் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள், முறைபோட்டுப் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்துக் கடைசிக்கு அனுப்பினார்கள். நாடே இனமாகப் பிளந்துகொண்டிருந்த நேரம் அது!

கூட்டம் முடியும்போது ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, அந்த அதிகாரத்துக்குத்தானே 1987 இல் மாகாண சபை வந்தது?"

வந்தது தம்பி. கிழக்குக்குத் தனியாக 2008 இல் தேர்தல் நடந்தது, 2017 இல் சபை கலைந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆற்றின் நீர்ப்பாசனம் 13ஆவது திருத்தத்தின்படி மத்திய அரசுக்கு உரியது. பட்டிப்பளை ஆறு பக்கத்து மாகாணமான ஊவாவின் மலையில் பிறக்கிறது. ஆகவே சபை இருந்த ஒன்பது வருசமும் அந்த மதகின் சாவி கொழும்பில்தான் இருந்தது.

போன பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தண்ணீர் திறக்கும் திகதி தட்டச்சாகியே வந்திருந்தது. வாசித்துவிட்டு, சம்மதம் என்றால் கையை உயர்த்தச் சொன்னார்கள். மண்டபம் முழுக்க உயர்த்தியது. நானும்தான்.