இயக்குவது பரிசன்று, ஆர்வமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'மனிதனை இயக்குவது பரிசா, ஆர்வமா?' என்னும் இவ்வழக்கில், எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், உளவியலாளர் மாஸ்லோ மனிதத் தேவைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையைக் கையிலெடுத்து, பசி அடங்கினால் பாதுகாப்பு, பாதுகாப்பு கிடைத்தால் அன்பு, அதன் பிறகு மதிப்பு என்று படிப்படியாக ஏறிக் காட்டி, ஆகவே கூலி கொடுத்தால்தான் மனிதன் அசைவான் என்று முடித்தார். அவர் இன்னும் சில பக்கங்கள் புரட்டியிருக்கலாம். ஒரு தேவை முழுவதும் நிறைவேறிய பின்னரே அடுத்தது தலைதூக்கும் என்று கொள்வது பிழை என அதே கட்டுரையில் மாஸ்லோ எழுதியிருக்கிறார். இத்தேவைகளை அடுக்கிக் காட்டிப் பாடநூல்களில் நாம் காணும் முக்கோணப் படமும் அவர் வரைந்ததன்று. பசியின் வலிமையை நான் மறுக்கவில்லை. பசி தீர்ந்த பிறகும் உயிர்கள் சும்மா இருப்பதில்லையே, அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஹாரி ஹார்லோவும் உடனாய்வாளர்களும் குரங்குகளிடம் ஊசி, கொக்கி, தாழ் ஆகியவற்றால் அமைந்த புதிர்ப்பொறியைக் கொடுத்தார்கள். உணவு எதுவும் தராதபோதும் அவை மீண்டும் மீண்டும் முயன்று அதைத் திறக்கக் கற்றன. பின்பு உணவை உள்ளே வைத்தபோது தவறுகள் கூடின என்று 1950இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. குரங்குக்கே இந்த நிலை!

குழந்தைகளிடம் வருவோம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்கு அது எதிர்பாராமல் கிடைத்தது. மூன்றாம் குழுவுக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரங்கள் கழித்துச் சுதந்திரமாக விளையாட விட்டபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அத்தகைய சரிவு இல்லை. ஆகவே குற்றம் சான்றிதழின் மீதன்று. 'இதற்காகத்தான் வரைகிறேன்' என்று குழந்தையின் மனத்தில் மாறிப்போன காரணத்தின் மீது.

'மழலையரை வைத்து உலகை அளக்கலாமா?' என்று எதிரணி கேட்கும். டெசி, கோஸ்ட்னர், ரையன் ஆகியோர் 128 ஆய்வுகளைத் திரட்டி 1999இல் வெளியிட்ட தொகுப்பும், முன்னரே அறிவித்துத் தரும் பொருட்பரிசுகள், பரிசு கருதாமல் உள்ளிருந்தே எழும் ஆர்வத்தைக் குறைப்பதாகவே கண்டது. சலிப்பூட்டும் வேலைக்கு இது பொருந்தாது. அங்கே கெடுவதற்கு ஆர்வமே இல்லை. அந்தச் சலிப்பு வேலைகளை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை.

பரிசே இயக்குவிசை என்றால், அதை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகளின் கை ஏன் தளர்ந்தது? அடுத்து எழும் எதிரணி நண்பர் இதற்கு விடை சொல்லிவிட்டு மாஸ்லோவிடம் திரும்பட்டும் என்று நடுவரிடம் விண்ணப்பித்து அமர்கிறேன்.