பாட்டும் இல்லை, கதையும் இல்லை: இந்த நடனத்தை எப்படிப் பார்ப்பது?

(திரையில்: கால் மாறி ஆடும் நடராஜர், கோட்டோவியம்)

மதுரைக்காரர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். மற்ற கோயில்களில் இடது காலைத் தூக்கி ஆடுகிற நடராஜர், நம் மீனாட்சி அம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் வலது காலைத் தூக்கியிருக்கிறார். திருவிளையாடல் சொல்கிற காரணம் இது. ராஜசேகர பாண்டியன் 64 கலைகளில் 63 கற்றவன், மிச்சமிருந்த நடனத்தையும் கற்க இறங்கினான், உடம்பெல்லாம் வலி, அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, எத்தனை காலமாக இந்தச் சாமி ஒரே காலில் நின்று ஆடுகிறார் என்று. காலை மாற்றி ஆடச் சொல்லி மன்றாடினான். தான் ஆடிப் பார்த்ததால்தான் அந்த ஊன்றிய காலின் பாரம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. நான் இன்றைக்குப் பேசப்போவதும் அந்தப் பாரத்தைப் பற்றித்தான்.

(திரையில்: காலி மேடை, பக்கவாட்டு விளக்கு ஒன்று எரிகிறது)

போன மாதம் தல்லாகுளம் பக்கம் ஓர் அரங்கில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, நடன அமைப்பில் முதுகலை படிக்கிறவள், தானே உருவாக்கிய மூன்று நடனங்களை மேடையேற்றினாள். நான் லைட் வேலைக்குக் கூட நின்றேன். வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருந்துச்சு, கதைதான் புரியல." அவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முதலில், இது அரங்கேற்றம் இல்லை. அரங்கேற்றத்தில் குரு சொல்லிக்கொடுத்த அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒரு மாணவி ஆடிக் காட்டுவாள், கண் எல்லாம் அவள் மேல்தான். இது கோரியோகிராபருக்கான, அதாவது நடனத்தை உருவாக்குகிறவருக்கான தேர்வு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஃப்.ஏ. என்கிற நுண்கலை முதுகலைப் படிப்பை முடிக்கிறவர்கள் இப்படிச் சொந்தப் படைப்புகளை மேடையேற்றுவது வழக்கம், கூடவே அதை எப்படி உருவாக்கினார்கள் என்று எழுதியும் தரவேண்டும் பெரும்பாலும். ஆடுகிறவர்கள் வேறு ஆட்களாக இருக்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பத்தா மூன்று முறை கேட்டுவிட்டார், "ஏய்யா, நம்ம புள்ள எப்ப வரும்?" "அவ வரமாட்டா அப்பத்தா, அங்க நடக்குறது பூராம் அவ பண்ணதுதான்" என்றேன்.

(திரையில்: பூக்கட்டும் விரல்கள், மிக அருகில்)

சரி, ஒரு நடனம் எப்படி உண்டாகிறது? அவளுடைய முதல் நடனத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதன் ஒத்திகை முழுவதையும் பார்த்தேன். தொடக்கம் மல்லிகைப் பூக்கட்டுவது. இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நாரைச் சுற்றி, விரலில் வளைத்து, இழுத்து இறுக்குவது. ஐந்து பெண்களையும் ஒரு வாரம் பூக்கட்ட வைத்தாள், நிஜமாகவே. அப்புறம் பூவை எடுத்துவிட்டாள், நாரையும் எடுத்துவிட்டாள், வெறும் விரல் மட்டும் ஓடியது. அடுத்து அந்தச் சுற்றலையும் இறுக்கலையும் மணிக்கட்டுக்கு மாற்றச் சொன்னாள், அங்கிருந்து முழங்கைக்கு, தோளுக்கு, இடுப்புக்கு. இடுப்பு அந்த முடிச்சைப் போடும்போது உடம்பு முழுக்கத் திருகி, ஒரு காலில் இருந்த பாரம் சட்டென்று மறு காலுக்குப் போகிறது. பிறகு அதே தொடரைப் பின்னாலிருந்து முன்னால் ஆடவைத்தாள், முடிச்சு அவிழ்கிற மாதிரி. ஒருத்தி தொடங்கி நான்கு எண்ணிக்கை கழித்து அடுத்தவள், பிறகு அடுத்தவள் என்று அடுக்கினாள். மேடையில் பார்க்கிறவருக்குப் பூக்கட்டுவது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நெருக்கமாகக் கட்டிய சரத்தின் இறுக்கம் அந்த ஐந்து உடம்புகளுக்கு நடுவில் இருந்தது, அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டும் கதையும் இல்லாமல் ஆட்டமா என்று கேட்கிறவர்கள் நம் தென்மாவட்டத்துத் தேவராட்டத்தை நினைத்துப் பாருங்கள். ராஜகம்பளத்து நாயக்கர்கள் ஆடுவது. அதிலும் பாட்டு கிடையாது, கொட்டும் அடவும்தான், விடிய விடியப் பார்ப்போம். கதையைத் தள்ளிவைத்து உடம்பையே பேசவிடுவதில் சென்னையில் நடன அமைப்பாளர் சந்திரலேகா பெரிய பாதை போட்டவர். 1985இல் 'அங்கிகா'வில் பரதத்தையும் கேரளத்துத் தற்காப்புக் கலையான களரியையும் யோகாவையும் ஒரே உடம்பில் சேர்த்தார். 2001இல் வந்த 'சரீரா'வில் அசைவு எவ்வளவு மெதுவாகப் போகிறதென்றால், மூச்சைக்கூடப் பார்க்கலாம். இசையும் ஆட்டமும் ஒட்டியே போகவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஆட்டத்தையும் இசையையும் தனித்தனியாகச் செய்து மேடையில்தான் ஒன்றாக வைத்தார்கள்.

(திரையில்: அதே அசைவு, முதலில் முன் விளக்கில், பிறகு பக்க விளக்கில்)

லைட் பற்றி ஒரு விஷயம். எங்களுக்குக் கிடைத்த அரங்கில் முன்பக்க விளக்குகள் மட்டும்தான், பேச்சாளர் முகம் தெரிவதற்காக மாட்டியவை. அதில் ஆடினால் உடம்பு தட்டையாக, காலண்டர் படம் போலத் தெரியும். பக்கவாட்டிலிருந்து, தரையை ஒட்டி, இடுப்பு உயரத்தில், தலை உயரத்தில் என்று அடித்தால்தான் விலா எலும்பு, முதுகின் வளைவு, தூக்கிய காலின் கனம் எல்லாம் எழுந்து நிற்கும். வாடகைக்கு ஆறு விளக்குகளும் ஸ்டாண்டும் எடுத்தோம். மேடையில் விரித்திருந்த கம்பளத்தையும் சுருட்டச் சொன்னாள், உருண்டு விழுகிற ஆட்டத்தில் அது தோலை உரித்துவிடும்.

மற்ற இரண்டு நடனங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று இருவர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்பது, யார் விலகினாலும் மற்றவர் விழவேண்டியதுதான். மற்றது தனி ஆட்டம், அது இன்னும் வேகவில்லை என்று எனக்குத் தோன்றியது, அவளிடமும் சொன்னேன்.

இனி இப்படி ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் முன்வரிசையில் உட்காராதீர்கள். நடுவில், கொஞ்சம் பின்னால், தரையில் போடுகிற வடிவங்கள் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். அர்த்தம் தேடத் தோன்றும்போது யாராவது ஒரு ஆளின் காலைப் பாருங்கள், பாரம் எந்தக் காலில் இருக்கிறது, எப்போது மாறுகிறது என்று. முடிந்ததும் பார்வையாளர்களைக் கேள்வி கேட்கச் சொன்னால், எந்த அசைவில் ஆரம்பித்தீர்கள் என்று கேளுங்கள். எங்கள் நிகழ்ச்சியில் அதைக் கேட்டது ஒரு எட்டாம் வகுப்புப் பையன், அவள் பதில் சொல்லவில்லை, மேடைக்குக் கூப்பிட்டு அவன் கையில் நாரைக் கொடுத்துவிட்டாள்.