காலேஜ் சீட் மீதி இருக்கு, அப்புறமும் ஏன் ராத்திரி ட்யூஷன்? தைவான் பிள்ளைங்க பத்தி ஒரு கேள்வி

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "சார், தைவான்ல பிறப்பு குறைஞ்சுபோய் காலேஜையே மூடுறாங்கன்னு சொன்னீங்க. அப்போ கேட்டவங்களுக்கெல்லாம் சீட் கிடைக்குமே. பிறகு எதுக்கு அந்தப் பிள்ளைங்க ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் ட்யூஷன்ல உட்கார்ந்திருக்காங்க?"

ரொம்ப சரியான இடத்துல கை வச்சிருக்கீங்கம்மா. நீங்க சொல்ற ரெண்டுமே உண்மை. 2000-ல அங்க 3 லட்சத்துக்கு மேல குழந்தைங்க பிறந்தாங்க. 2010-ல 1,67,000 கூட இல்ல. 2008-லயே பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை வழியா விண்ணப்பிச்சவங்கள்ல நூத்துக்கு 97 பேருக்கு இடம் கிடைச்சிருச்சு.

இந்த இடமெல்லாம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் மீதி புரியும். அங்க ரொம்ப வருஷமா ஒரே ஒரு பொதுப் பரீட்சைதான் பிள்ளையோட விதியை எழுதுச்சு. அது பொறுக்காம 1994 ஏப்ரல் 10-ந் தேதி தைபேயில பெத்தவங்களும் ஆசிரியர்களும் பேரணி போனாங்க. அவங்க கேட்டதுல முக்கியமானது, உயர்நிலைப் பள்ளியையும் பல்கலைக்கழகத்தையும் அதிகமாக்குங்க, வகுப்புல பிள்ளைங்க எண்ணிக்கையைக் குறைங்கன்னு. வேதியியல்ல நோபல் வாங்கின லீ யுவான்-செ தலைமையில குழு போட்டாங்க. காலேஜுங்க பெருகிச்சு, பழைய பரீட்சையும் 2002-க்குள்ள போயிருச்சு. சீட்டு நிறைய ஆனா பயம் குறையும்னு மனசார நம்பித்தான் செஞ்சாங்க.

பயம் குறையல. ஏன்னா கல்யாணத்துல இலை எத்தனை போட்டாலும் முதல் பந்திக்குத்தானே கூட்டம்? தைவான் தேசியப் பல்கலைக்கழகத்துல மருத்துவம், மின் பொறியியல், அதுக்கு முன்னாடி அங்க கொண்டுபோய் விடுற பேர் பெற்ற உயர்நிலைப் பள்ளி. பசங்களுக்கு ஜியன்குவோ, பொண்ணுங்களுக்கு தைபே முதல் மகளிர் பள்ளி, பச்சைச் சட்டைதான் அவங்க சீருடை. வேலை கொடுக்கிறவரும் சொந்தக்காரங்களும் பார்க்கிறது அந்தப் பேரைத்தான். அதனால உண்மையான நெருக்கடி பதினெட்டு வயசுல இல்லம்மா, பதினஞ்சு வயசுல, ஒன்பதாம் வகுப்பு முடிவுல வருது.

அந்த வயசுப் பிள்ளையோட ஒரு நாளைப் பாருங்க. காலையில ஏழரைக்கு ஸ்கூல்ல இருக்கணும். முதல் வகுப்புக்கு முன்னாடியே சின்னதா ஒரு டெஸ்ட் வைக்கிறது ரொம்ப சகஜம். முக்கால் மணி நேர வகுப்பா ஏழு. மத்தியானம் வகுப்பிலேயே சாப்பாடு, அப்புறம் மேஜையில தலை சாய்ச்சு கொஞ்ச நேரத் தூக்கம். தினமும் வகுப்பறை, வராண்டா, கழிப்பறைன்னு பிள்ளைங்களே கூட்டித் துடைக்கிறாங்க. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நம்ம பிள்ளைங்களும் பழகணும். நாலு மணிக்கு வகுப்பு முடிஞ்சாலும் பல ஸ்கூல்ல எட்டாவது பீரியட்னு ஒண்ணு இருக்கு. அது முடிய அஞ்சாகும். அப்புறம் ஒரு டப்பா சாப்பாடு, நேரா ட்யூஷன் சென்டர். அங்க அதுக்கு பூஷிபான்னு பேரு. தைபே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல நான்யாங் தெருன்னு ஒரு தெருவே அதுக்குப் பிரசித்தம். வீடு வந்து சேர ஒன்பதரை, பத்து. அதுக்கப்புறம் வீட்டுப்பாடம்.

மார்க் போடுற முறையையும் சொல்லணும். ஒன்பதாம் வகுப்பு முடிவுல வர்ற பொதுத் தேர்வுல 2014-ல இருந்து மார்க்கே இல்ல, ஏ, பி, சின்னு மூணே தரம்தான். ஒரு மார்க், ரெண்டு மார்க்குக்காகப் பிள்ளைங்க அடிச்சுக்கக் கூடாதுங்கிற நல்ல எண்ணம். ஆனா நல்ல பள்ளியில பிரிச்சு எடுக்கணுமே, அதுக்காக ஏ-க்குள்ளயே ஏ ப்ளஸ், ஏ ப்ளஸ் ப்ளஸ்னு வந்துச்சு. அஞ்சு பாடம், கூட ஒரு கட்டுரை. உச்சியில இருக்கிற பள்ளிக்கு ஆசைப்படுற பிள்ளைக்கு ஒரு பாடத்துல ரெண்டு மூணு கேள்வி தப்பினாலே ஒரு ப்ளஸ் போயிரும். பழைய அழுத்தம் வேற சட்டை போட்டுக்கிட்டு அப்படியே நிக்குது.

2019 பாடத்திட்டம் வந்தப்புறம் உயர்நிலைப் பள்ளியில இன்னொண்ணும் சேர்ந்துச்சு. செஞ்ச ப்ராஜெக்ட், கலந்துக்கிட்ட செயல்பாடு எல்லாத்தையும் தொகுத்து ஏத்தணும், பல்கலைக்கழகம் அதைப் பார்க்கும். பரீட்சையைத் தாண்டி பிள்ளையோட ஆர்வத்தைப் பார்க்கணும்னு கொண்டுவந்தாங்க. இப்போ அந்தத் தொகுப்பைச் செய்யக் கத்துக்கொடுக்கவும் ட்யூஷன் வந்துருச்சு. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அழகான தொகுப்பு. இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம்.

பலன் இல்லையான்னு கேட்டா, இருக்கு. பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்குப் பல நாடுகள்ல நடத்துற பீசா தேர்வுல, 2022-ல கணக்குல தைவான் உலகத்துல மூணாவது, 547 புள்ளி. அந்த எண்ணைக் காட்டி நம்ம ஊர்லயும் இப்படி வேணும்னு யாராவது சொன்னா, பதினாலு வயசுப் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குதுன்னு சேர்த்துக் கேளுங்க.

அரசாங்கம் சும்மா இருக்குன்னு சொல்ல மாட்டேன். ஸ்கூல்ல அடிக்கிறதை 2006-லயே சட்டம் போட்டு நிறுத்தினாங்க. 2024-ல உயர்நிலைப் பள்ளிகள் சிலதுல மனநல விடுப்புன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு பருவத்துக்கு மூணு நாள், அரை அரை நாளாவும் எடுத்துக்கலாம், டாக்டர் சீட்டு வேண்டாம். நான் முழு மனசா வரவேற்கிறேன். ஆனா அந்த விடுப்புக்கு அப்பா அம்மா சம்மதம் வேணும். "முடியலம்மா"ன்னு பிள்ளை எந்த அம்மாகிட்ட சொல்லப் பயப்படுதோ, அதே அம்மாகிட்டதான் போய் நிக்கணும். அந்தப் பேச்சு எத்தனை வீட்டுல நடக்கும்?