டேப் ரெக்கார்டர் மேல ஒரு சீட்டு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, இடம் நிறையவே இருக்கு.

இன்னைக்கு நான் பேச வந்தது கரோல் கிங் பத்தி, அவங்க வாழ்க்கையை வச்சு வந்த 'ப்யூட்டிஃபுல்'ங்கற மேடை மியூசிக்கல் பத்தி. பேரைக் கேட்டு சில பேர் யோசிக்கிறீங்க, பரவாயில்ல. அமெரிக்காவுலயே அந்தக் காலத்துல அவங்க பாட்டை முணுமுணுத்தவங்க பாதிப் பேருக்கு அவங்க யாருன்னு தெரியாது, ஏன்னா ரெக்கார்டுல பாடினவங்க பேரு பெருசா இருக்கும், எழுதினவங்க பேரு அடியில பொடி எழுத்துல இருக்கும். அந்தப் பொடி எழுத்துல இருந்த பொண்ணோட கதைதான் இது.

இந்த நாடகம் 2014 ஜனவரியில நியூயார்க்கோட தியேட்டர் தெருவான பிராட்வேயில தொடங்கி 2019 அக்டோபர் வரைக்கும் ஓடுச்சு, டக்ளஸ் மெக்ராத் எழுதினது, கரோலா நடிச்ச ஜெஸ்ஸி முல்லருக்கு, மேடை நாடகத்துக்குன்னு குடுக்கற டோனி அவார்டு கிடைச்சுது. நான் பார்த்தது லண்டன்ல, ஆல்ட்விச் தியேட்டர்ல, கையில இருந்த காசுக்கு மேல் மாடி ஓரத்து சீட்டுதான் கிடைச்சுது. அங்கேருந்து நடிகையோட முகம் சரியாத் தெரியல, ஆனா பியானோ மேல போற கை நல்லாத் தெரிஞ்சுது. நாடகம் முடிஞ்சு வெளிய வரும்போது, பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கோம்னு தோணுச்சு.

ஏன் சொல்றேன்னா, பழைய ஹிட் பாட்டுங்களைச் சேர்த்து பண்ற நாடகத்துக்கு ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்னு பேரு, அதுல பெரும்பாலும் பாட்டுதான் பூ, கதை வெறும் நாரு. பாடகர் அழுவாரு, உடனே ஒரு சோகப் பாட்டு வரும், பாட்டு என்னமோ வானத்துலேருந்து விழுந்த மாதிரி. இந்த நாடகம் அப்படி விடல. ஒரு பாட்டு எப்படி உண்டாகுதுன்னு காட்டுது. முதல்ல கரோல் பியானோவுல உக்காந்து சின்னக் குரல்ல, தட்டித் தடவி, 'வில் யூ லவ் மீ டுமாரோ' பாடிப் பார்க்கறாங்க, பக்கத்துல புருஷன் ஜெர்ரி காஃபின். கொஞ்ச நேரத்துல அதே மேடையில ஷிரெல்ஸ்னு நாலு பொண்ணுங்க வந்து முழு ஆர்க்கெஸ்ட்ராவோட அதே பாட்டைப் பாடறாங்க. வீட்டுக் கூடத்துல இருந்த மெட்டு நம்ம கண்ணு முன்னாடியே ரேடியோவுக்குப் போயிடுது. எனக்கு அந்த இடத்துல உடம்பு சிலிர்த்துடுச்சு, இப்ப சொல்லும்போதும் அப்படித்தான் இருக்கு.

அந்தப் பாட்டு நிஜத்துல பிறந்த விதத்தைக் கேளுங்க. 1960ம் வருஷம், கரோலுக்கு 18 வயசு, அதுக்கு முந்தின வருஷம்தான் கல்யாணம், கையில சில மாசக் குழந்தை, ஜெர்ரி பகல்ல கெமிஸ்ட் வேலை பார்க்கறாரு, ராத்திரி பாட்டெழுதறாரு. பாட்டு மறுநாளைக்குள்ள வேணும்னு பப்ளிஷர் டான் கிர்ஷ்னர் சொல்லிட்டாரு. கரோல் மெட்டை டேப்புல பதிஞ்சு வச்சுட்டு, ஷிரெல்ஸுக்கு வரி வேணும், எழுதிடுன்னு ஒரு சீட்டு எழுதி டேப் ரெக்கார்டர் மேலயே வச்சுட்டு மாஜாங்ங்கற சீன ஆட்டம் ஆடக் கிளம்பிட்டாங்க. ஜெர்ரி ராத்திரி வந்து சீட்டைப் பார்த்தாரு, டேப்பைப் போட்டாரு, வரி வந்துடுச்சு. ஒரு ராத்திரி கூட இருந்தவன் நாளைக்கும் என்மேல ஆசையா இருப்பானான்னு ஒரு பொண்ணு கேக்கற வரி, அதை எழுதினது 21 வயசுப் பையன். 1961 ஜனவரியில பில்போர்டுங்கற அமெரிக்க ஹிட் பாட்டு லிஸ்ட்ல முதல் இடம், கறுப்பினப் பெண்கள் குழு ஒண்ணு அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பால் வாங்கிட்டு வான்னு எழுதி வைக்கற மாதிரி ஒரு சீட்டுதாங்க அது, நான் அதைப் பத்தி எத்தனையோ தடவை நினைச்சுப் பார்த்திருக்கேன்.

அவங்க வேலை பார்த்த இடம் 1650 பிராட்வேங்கற கட்டடம். ஒரு பியானோ, ரெண்டு பேர் உக்கார இடம், அவ்வளவுதான் ஒரு ரூம், பக்கத்து ரூம்ல வாசிக்கறது சுவரைத் தாண்டிக் கேக்கும். அங்க பாரி மேன், சிந்தியா வைல்னு இன்னொரு ஜோடி, இவங்களோட போட்டியும் அவங்கதான், உயிர் நட்பும் அவங்கதான். மேடையில இந்த நாலு பேரும் சிரிச்சுக்கிட்டே பொறாமைப்படறது அவ்வளவு நிஜமா இருக்கு.

அப்புறம் கல்யாணம் உடையுது. ஜெர்ரிக்கு வேற பொண்ணுங்க, மனநோய், எல்லாத்தையும் நாடகம் காட்டுது, ஆனா அவரை வில்லனாக்கல, அது எனக்குப் பிடிச்சுது. 1967ல பாடகி அரேதா ஃபிராங்ளினுக்காக ரெண்டு பேரும் எழுதின 'நேச்சுரல் வுமன்' பாட்டை, பிரிஞ்சதுக்கப்புறம் கரோல் தன் ஆல்பத்துக்காகத் தானே பாட வேண்டி வருது. நாடகத்துல அவங்க முடியாதுன்னு தயங்குவாங்க, தயாரிப்பாளர் லூ ஆட்லர் பாடச் சொல்வாரு. ஜெர்ரி எழுதின வரி, இவங்க போட்ட மெட்டு, ஜெர்ரி இல்லாத ரூம். அரேதா பாடினா கூரை எகிறும், கரோல் பாடினா ஒரு பொம்பளை சமையக்கட்டுல தனக்குத்தானே சொல்லிக்கற மாதிரி இருக்கும், எனக்கு ரெண்டும் வேணும்.

அந்த ஆல்பம்தான் 1971ல வந்த 'டேபஸ்ட்ரி'. 15 வாரம் முதல் இடத்துல இருந்துச்சு, நாலு கிராமி. அட்டையைப் பார்த்திருப்பீங்க, ஜன்னலோரம் வெறுங்காலோட உக்காந்திருப்பாங்க, முன்னாடி ஒரு பூனை.

ஒரு குறையும் சொல்லிடறேன். 1971 ஜூன்ல நடந்த கார்னகி ஹால் கச்சேரியோட நாடகம் முடிஞ்சிடுது, தன்னந்தனியா நின்னு ஜெயிச்ச மாதிரி. நிஜத்துல அப்ப அவங்களுக்கு ரெண்டாவது கல்யாணம் ஆயிடுச்சு, அந்த ஆல்பத்துல பேஸ் கிடார் வாசிச்சதே அந்தப் புருஷன் சார்ல்ஸ் லார்கிதான், ஆனா நாடகத்துல அவருக்கு ஒரு பாத்திரம்கூட இல்ல. அதுக்கப்புறம் மூணாவது கல்யாணத்துல அடி வாங்கினதை 2012ல தன் சுயசரிதையில அவங்களே எழுதியிருக்காங்க, அதுவும் இல்ல. ஜெயிச்ச இடத்துல திரை போட்டா கைத்தட்டல் கிடைக்கும், தெரியும், ஆனா ஜெயிச்ச பிறகும் அடி வாங்கின பொண்ணைப் பார்க்க எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்திருக்க முடியும்.

இதையெல்லாம் கரோல் எப்படிப் பார்த்தாங்க? முதல்ல பார்க்கவே இல்ல. ஆரம்பத்துல நாடகத்தைப் படிச்சுக் காட்டினப்போ இடைவேளையிலயே எழுந்து போயிட்டாங்க, தாங்க முடியலன்னு. பிராட்வேயில தொடங்கின நாளுக்கும் வரல. 2014 ஏப்ரல்ல ஒரு நாள் யாருக்கும் தெரியாம மாறுவேஷத்துல வந்து, கூட்டத்தோட கூட்டமா உக்காந்து, முதல்லேருந்து கடைசி வரைக்கும் பார்த்தாங்க. முடிஞ்சதும் மேடைக்கு வந்து, இத்தனை நாளா கரோலா நடிச்ச ஜெஸ்ஸி முல்லர் பக்கத்துல நின்னு 'யூ'வ் காட் எ ஃபிரெண்ட்' பாடினாங்க. அப்ப அவங்களுக்கு 72 வயசு. ஜெர்ரி காஃபின் அதுக்கு ரெண்டரை மாசம் கழிச்சு, ஜூன்ல இறந்துட்டாரு.