தாருக்கு அடியில் ஒரு வால்வு

(தென்னாப்பிரிக்கா, டொங்காட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளே,

மேடை ஏறுவதற்கு முன்னால் இந்த மண்டபத்தின் பின்பக்கம் போய் நீர்மானியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். முப்பது ஆண்டுகள் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு அது கைப்பழக்கம். சமையற்கட்டில் பாத்திரம் கழுவி முடித்திருந்தார்கள். கழிவறையில் யாரும் இல்லை. எல்லாக் குழாய்களும் மூடியிருந்தன. ஆனாலும் மானிக்குள் அந்தச் சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டேதான் இப்போது பேசுகிறேன்.

போக்குவரத்து, மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு இவற்றை நம் வட்டாரத்தில் எப்படி நவீனமாக்குவது என்று பேசச் சொன்னார்கள். அதுவும் தமிழில் பேசச் சொன்னார்கள். மாலை நேரத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ் என்னுடையது, தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நவீனம் என்றதும் நம் கண்ணுக்குப் புதிய பாலம் தெரிகிறது, புதிய அணை தெரிகிறது, ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் தெரிகிறது. என் அனுபவம் வேறு. மண்ணுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், அதைச் சாகவிடாமல் காப்பதும்தான் முதல் நவீனம். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

நம் கதையே இந்த நாட்டின் கட்டமைப்பின் கதை. 1860 ஜூன் 26 அன்று டர்பனில் சந்தைத் திடலிலிருந்து துறைமுக முனைக்கு ஒரு சிறிய ரயில் ஓடியது. தென்னாப்பிரிக்காவில் நீராவி ரயில் ஓடியது அதுவே முதல் முறை. அது ஓடத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை; நவம்பர் 16 அன்று, முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தண்டவாளத்தைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். நேட்டால் அரசு ரயில்வே ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பெருமளவில் வேலைக்கு வைத்தது. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் மேகஸீன் பேரக்ஸ் என்ற வரிசைக் குடியிருப்பில் இருந்தார்கள். அவர்களில் பலர் தமிழர்களும் தெலுங்கர்களும். தெருவைக் கூட்டியதும், கழிவு வாளியைச் சுமந்ததும், குழி தோண்டிக் குழாய் இறக்கியதும் அவர்கள்தாம். 1960-களில் அந்த வரிசை வீடுகளிலிருந்து அவர்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த் புறநகருக்கு அனுப்பினார்கள். இந்த நகரத்தின் குழாய்களைக் குறித்துப் பேச நமக்கு உரிமை உண்டு என்றால், அந்த உரிமை அங்கிருந்து வருகிறது.

வெள்ளமும் நமக்குப் புதிதல்ல. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த அம்பலவாணர் கோயிலை 1905-இல் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1917 அக்டோபர் 28 அன்று உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் தகரக் கொட்டகைகள் நிறைந்த டின் டவுனை மூழ்கடித்தது. அன்று படவட்டன் குடும்பத்து மீனவர்கள், மாரிமுத்து படவட்டன் தலைமையில் ஆறு பேர், கரைவலை இழுக்கும் படகை ஆற்றில் இறக்கி, திரும்பத் திரும்பப் போய் 176 உயிர்களைக் கரை சேர்த்தார்கள். என் பாட்டி இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் இறங்கிவிடும். அதே டின் டவுன் 1976-இல் மறுபடி மூழ்கியது; அங்கிருந்தவர்களை அப்போது உருவாகிக்கொண்டிருந்த ஃபீனிக்ஸில் குடியமர்த்தினார்கள். 1987 செப்டம்பரில் வந்த வெள்ளம் துகேலா ஆற்றின் மீதிருந்த ஜான் ராஸ் பாலத்தைக் கொண்டுபோனது. அப்புறம் 2022 ஏப்ரல்.

அந்த இரவை இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 11-ஆம் தேதியும் 12-ஆம் தேதியும் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஆறு சிதைத்தது. அதற்குப் பிறகு பல மாதங்கள் நாம் தண்ணீர் லாரியின் ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வாழ்ந்தோம். எழுபது வயதுப் பெண்மணி இருபது லிட்டர் வாளியைப் படியேற்றியதை என் கண்ணால் பார்த்தேன். எனக்குத் தூக்கம் வராத இரவுகள் அவை. ஏனென்றால், இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரின் பெரும்பகுதி ஒரே நிலையத்தை நம்பி நின்றது. அந்த நிலையம் ஆற்றோரத்தில் நின்றது. இரண்டாவது வழியில் தண்ணீர் கொண்டுவரும் இணைப்புக் குழாய் அமைதியான காலத்தில் வீண்செலவு மாதிரித் தெரியும். யாரும் அதற்கு ரிப்பன் வெட்டமாட்டார்கள். 1905, 1917, 1976, 1987 என்று ஆறே தேதி போட்டு எழுதிக் காட்டிய பிறகும் அதைக் கட்டாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது அந்தச் சின்னச் சக்கரத்துக்கு வருகிறேன். தேசிய நீர்த் துறை 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடு முழுவதும் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் சுமார் 47 சதவீதத்துக்கு வருவாய் இல்லை. டர்பன் அடங்கிய நம் மாநகரில் அது பாதிக்கும் மேல். இதை உடனே 'கசிவு' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. இதில் கசிவும் உண்டு, திருட்டு இணைப்பும் உண்டு, ஓடாத மானியும் உண்டு, கணக்கே எடுக்காத குடியிருப்பும் உண்டு. ஆனாலும் கசிவின் பங்கு பெரியது. 2024 அக்டோபர் முதல் நம் மாநகருக்கு வரும் தண்ணீரை 8.4 சதவீதம் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கினார்கள். உம்கேனி ஆற்று அமைப்பு பாதுகாப்பாகத் தரக்கூடியதைவிட அதிகமாக நாம் எடுத்துக்கொண்டிருந்ததுதான் காரணம். தெற்கே உம்கோமாஸி ஆற்றில் ஸ்மித்ஃபீல்டு அணை கட்டும் திட்டம் நெடுங்காலமாகப் பேச்சில் இருக்கிறது. அந்த அணை வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பொத்தல் பானையில் இன்னொரு குடம் ஊற்றினால், அந்தக் குடத்திலும் பாதி தரையில்தான் போகும்.

கசிவைக் குறைக்கும் வழி ஒன்றும் மர்மம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஊர் உறங்கும்போது குழாயில் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் விரிசல் பெரிதாகும். ஒவ்வொரு வட்டாரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, நுழைவாயிலில் ஒரு மானியும் அழுத்தம் குறைக்கும் வால்வும் வைத்தால், இரவு ஓட்டத்தைப் பார்த்தே எந்தத் தெருவில் பூமி தண்ணீர் குடிக்கிறது என்று சொல்லிவிடலாம். தண்ணீரை முறைவைத்து அடைத்துத் திறப்பதுதான் குழாய்க்குப் பெரிய எதிரி. காலியான குழாயில் தண்ணீர் திடீரென்று பாயும்போது காற்றை முட்டித் தள்ளும். பழைய கல்நார் சிமெண்டுக் குழாய் அந்த அடியைத் தாங்காது. சிக்கனத்துக்காக அடைக்கிறோம், உடைப்பில் இழக்கிறோம்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பிரதானக் குழாய் வெடித்து ஒரு தெருவே ஆறாக ஓடியது. அடைக்க வேண்டிய வால்வு வரைபடத்தில் இருந்தது, தெருவில் இல்லை. இரண்டு முறை தார் போட்டு மூடியிருந்தார்கள். மூன்று மணி நேரம் தோண்டினோம். கடைசியில், ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டு ஆன ஒரு பெரியவரை அவர் வீட்டுக்குப் போய் எழுப்பிக் கூட்டிவந்தோம். செருப்புக் காலோடு வந்தார். கைத்தடியை ஊன்றிச் சுற்றிலும் பார்த்தார். "தம்பி, அந்த மாமரத்திலிருந்து ஏழு காலடி வை. அங்கே தோண்டு" என்றார். தோண்டினோம். இருந்தது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம்; எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கியது. அந்த மாமரத்தை வெட்டியிருந்தால்? அந்தப் பெரியவர் அதற்கு முந்தைய மாதம் இறந்திருந்தால்?

ஆகவே தொலைத்தொடர்பு என்று யாராவது பேசினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேகமான படம் பார்ப்பதல்ல. ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு மின்மாற்றியும் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் பதிந்த வரைபடம், அதை இரவுப் பணிக்காரன் கைப்பேசியில் திறந்து பார்க்கும் வசதி. நம் கடற்கரையில், இங்கிருந்து வடக்கே மதுன்சினியில், கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. 2002-இல் இயங்கத் தொடங்கிய 'சேஃப்' கேபிள் மொரீஷியஸையும் ரீயூனியனையும் தொட்டுக்கொண்டு கொச்சிக்கும் பினாங்குக்கும் போகிறது. நம் முன்னோர் ஒரு மாதத்துக்கும் மேல் கடந்த அதே கடலின் தரையில் அது கிடக்கிறது. கொச்சியிலிருக்கும் கணினியை நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் தொடுகிறோம். நம் தெருவின் வால்வைத் தொட ஒரு முதியவரின் நினைவை நம்பியிருக்கிறோம். இந்த இடைவெளியை அடைப்பதற்குப் பெரிய தொகை தேவையில்லை. மனம் தேவை.

மின்சாரத்துக்கு வருவோம். 2023-இல் 300-க்கும் மேற்பட்ட நாட்களில் மின்வெட்டு இருந்தது. மின்வெட்டு கடுமையான ஆறாம் கட்டத்துக்கு வந்தபோது என்ன நடந்தது? பம்பு நின்றது, மேட்டுப் பகுதித் தொட்டி வற்றியது. கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்தது, கோபுரம் செத்தது, ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட வழியில்லாமல் போனது. போக்குவரத்து, மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு நான்கும் ஒன்று என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். பிறகு 2024 மார்ச் மாத இறுதியிலிருந்து சுமார் பத்து மாதங்கள் நாட்டில் மின்வெட்டே இல்லை. அது எப்படி வந்தது என்று கவனியுங்கள். புதிய அலகுகள் உதவின, மக்கள் தங்கள் கூரையில் போட்ட சூரியத் தகடுகள் உதவின. ஆனால், நிறுத்த வேண்டிய அலகை உரிய நேரத்தில் நிறுத்தி, திட்டமிட்டுப் பழுதுபார்த்ததன் பங்கு பெரியது. பழைய கொதிகலன்களை ஒழுங்காகக் கவனித்ததும் வெளிச்சம் வந்தது.

இன்னொரு முடிச்சு கம்பியில் இருக்கிறது. நம் நிலக்கரி மின்நிலையங்கள் பெரும்பாலும் ம்புமலாங்கா மாகாணத்தில்; உயரழுத்தத் தடங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நல்ல வெயில் வடக்குக் கேப்பில், நல்ல காற்று மேற்குக் கேப்பிலும் கிழக்குக் கேப்பிலும். 2022 இறுதியில் புதிய மின்திட்டங்களுக்காக அரசு நடத்திய ஏலத்தில் காற்றாலைத் திட்டம் ஒன்றுகூடத் தேர்வாகவில்லை. அங்கே விளையும் மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளக் கம்பியில் இடமில்லை. அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 14,000 கிலோமீட்டர் புதிய தடம் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அறுவடை குவிந்து கிடக்க வண்டிப்பாதை இல்லாத ஊர் மாதிரி.

நம் மாகாணத்திலேயே ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. டிராக்கன்ஸ்பெர்க் மலையில் 1981 முதல் இயங்கும் நீரேற்று மின்நிலையம் 1000 மெகாவாட் தரக்கூடியது. மின்தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றும். தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். அதே வேலையோடு துகேலா ஆற்றுத் தண்ணீரை மலைக்கு அப்பால் அனுப்பி வால் ஆற்றுக்கும் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக்கும் உதவுகிறது. தண்ணீர்க்காரனும் மின்சாரக்காரனும் ஒரே மேசையில் உட்கார்ந்து யோசித்தால் என்ன வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட அழகான சான்று இல்லை. அந்த மேசையை நகராட்சி அளவிலும் போடுங்கள் என்கிறேன். ஒரு துறை தார் போடுகிறது, அடுத்த மாதம் இன்னொரு துறை அதைக் கிழித்துக் கேபிள் பதிக்கிறது, மூன்றாவது துறையின் வால்வு காணாமல் போகிறது.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டர்பனிலிருந்து கிளம்பும் ரயில் பாதை 1895-இலேயே ஜோஹன்னஸ்பர்க் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அரசின் சரக்கு ரயில் நிறுவனமான டிரான்ஸ்நெட் ஏற்றிய சரக்கு 2017-18-இல் சுமார் 226 மில்லியன் டன். ஐந்தே ஆண்டுகளில் அது 150 மில்லியன் டன் அளவுக்கு விழுந்தது. உதிரிப் பாகம் இல்லாத இன்ஜின்கள், வெட்டிக் கொண்டுபோன செப்புக் கேபிள்கள். அந்தச் சரக்கெல்லாம் லாரியேறி, டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் வந்து நிற்கிறது. அதன் விலையை அந்தச் சாலையிலுள்ள வேன் ரீனன் கணவாயில் குடும்பங்கள் உயிரால் கொடுக்கின்றன. 2025 ஆகஸ்டில் 11 தனியார் நிறுவனங்களை இந்தத் தண்டவாளத்தில் ரயில் ஓட்டத் தேர்ந்தெடுத்தார்கள். நல்லது. ஆனால் ஓட்டுபவர் மாறினாலும் தண்டவாளமும் சிக்னலும் பழையவைதான்; அவற்றைக் காப்பதற்கு யார் பணம் தருவது என்பதில்தான் இது நிற்கும் அல்லது விழும்.

தமிழ்நாட்டில் நம் மூதாதையர் ஊர்களில் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன்னால் ஊரே கூடி ஏரியைத் தூர்வாரும், கரையைப் பலப்படுத்தும், மதகைச் சரிபார்க்கும். இங்கே குழாயை நாம் தோண்டக் கூடாது, அது சட்டம். ஆனால் கேள்வி கேட்கலாம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், புதிதாக என்ன கட்டுவீர்கள் என்று கேட்காதீர்கள். நம் வட்டத்தில் குழாய்களின் வயது என்ன? சென்ற ஆண்டு எத்தனை கிலோமீட்டர் மாற்றினீர்கள்? சுத்திகரிப்பு நிலையம் மறுபடி மூழ்கினால் எந்த வழியில் தண்ணீர் வரும்? பம்புக்கு மாற்று மின்சாரம் உண்டா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மணி ஒன்பதாகிறது. நான் இறங்குகிறேன். பின்வரிசைப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஒரு டார்ச் விளக்கோடு என்னுடன் வாருங்கள். மானியின் எண்ணைக் குறித்துக்கொள்வோம், பிறகு கழிவறைத் தொட்டியிலிருந்து ஆரம்பிப்போம். பெரும்பாலும் அந்த ரப்பர் வளையம்தான்.